லாகின் சரி... அனுமதி யார் கொடுத்தது? வெப்சைட் பிளக்-இன்களில் திறந்து கிடக்கும் கதவுகள்: முழு விளக்கம்

நன்னிலம், பேரளம், குடவாசல்னு டெல்டாவின் சின்ன ஊர்களில்கூட இப்போது பள்ளிக்கூடம், திருமண மண்டபம், நர்சிங் ஹோம், மாப்பிள்ளைச் சம்பா அரிசி விற்கும் உழவர் குழு என்று பலரும் சொந்தமா வெப்சைட் வச்சிருக்காங்க. அட்மிஷன் விண்ணப்பம், மண்டபம் புக்கிங், அரிசி ஆர்டர் எல்லாம் அதிலேயே முடியுது. சரி, அந்த ஃபார்மில் நாம டைப் பண்ற பெயர், செல்போன் நம்பர், முகவரி எல்லாம் எங்கே போகுது? யார் கண்ணில் படுது?

"பாஸ்வேர்டு போட்டுத்தானே வச்சிருக்கோம்" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்குது. சமீப ஆண்டுகளில் லட்சக்கணக்கான வெப்சைட்களை ஆபத்தில் தள்ளிய பெரிய ஓட்டைகள் பலவற்றில், யாருடைய பாஸ்வேர்டும் திருடு போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. வந்து நிற்கிறவருக்கு இந்த வேலையைச் செய்ய அனுமதி இருக்கா என்ற கேள்வியை வெப்சைட் சரியாகக் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் 'அணுகல் கட்டுப்பாட்டுக் குறைபாடு'. வெப்சைட்களில் காணப்படும் மிக ஆபத்தான 10 குறைபாடுகளை 'ஓவாஸ்ப்' என்ற சர்வதேச அமைப்பு பட்டியல் போட்டு வெளியிடுகிறது. 2017 பட்டியலில் இந்தக் குறைபாட்டுக்கு 5-வது இடம். 2021 பட்டியலில் முதலிடம்.

கேட்க ஏதோ சென்னை ஐடி கம்பெனி சமாச்சாரம் மாதிரி இருக்கலாம். ஆனா தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு இந்த வகை ஓட்டை ஏற்கெனவே அறிமுகமான ஒன்றுதான். 2020-ல் பிஎம் கிசான் மோசடி என்று செய்திகளில் அடிபட்டதே, அதன் அடிப்படையே இதுதான்.

சுருக்கமா சொன்னா...

* லாகின் என்பது 'நீ யார்?' என்ற கேள்வி. அனுமதி என்பது 'உனக்கு இதைச் செய்ய உரிமை இருக்கா?' என்ற கேள்வி. இரண்டும் வேற வேற.

* முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டால் அதுதான் அணுகல் கட்டுப்பாட்டு ஓட்டை.

* சின்ன வெப்சைட்களில் இந்த ஓட்டை பெரும்பாலும் பிளக்-இன் வழியாகத்தான் வருகிறது.

* அப்டேட் செய்தால் ஓட்டை அடைபடும். ஆனால் அதற்கு முன்பே உள்ளே வந்தவர் தானாக வெளியே போக மாட்டார்.

கொள்முதல் நிலையத்தை நினைச்சுக்குங்க

குறுவை அறுவடை நேரம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நெல்லோடு போறோம். பதிவு இருக்கு, டோக்கன் இருக்கு, உள்ளே விடறாங்க. களத்தில் நெல்லைக் கொட்டலாம், நம்ம முறை வரும்வரை காத்திருக்கலாம்.

அதுக்காக, உள்ளே வந்த ஒரே காரணத்தால் மேசையில் இருக்கிற பதிவேட்டை இழுத்து, 40 கிலோ சிப்பம் 50-ஐ 500 என்று நாமே திருத்தி எழுத முடியுமா? முடியாது. அது பட்டியல் எழுத்தரின் வேலை. சாக்கு பிடிப்பதும் எடை போட உதவுவதும் உதவுபவர் வேலை. இரவில் நெல்லைப் பார்த்துக்கொள்வது காவலர் வேலை. எல்லாரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறாங்க. ஆனா ஒவ்வொருத்தரும் தொடக்கூடியது வேற.

டோக்கனைப் பார்த்து உள்ளே விடுவது அடையாளச் சரிபார்ப்பு. பதிவேட்டில் யார் கை வைக்கலாம் என்று பார்ப்பது அனுமதிச் சரிபார்ப்பு. வெப்சைட்டிலும் இதே கதைதான். வாடிக்கையாளர் தன் ஆர்டரை மட்டும் பார்க்கணும். கட்டுரை எழுதுபவர் தன் கட்டுரையை மட்டும் திருத்தணும். தளத்தின் நிர்வாகி, அதாவது அட்மின், எல்லாத்தையும் செய்யலாம்.

இந்தப் பிரிவினையை வெப்சைட் ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் பார்க்கணும். 'டோக்கன் இருக்கில்ல, போ' என்று ஒரு இடத்தில் விட்டாலும் பதிவேடு யார் கைக்கு வேண்டுமானாலும் போகும்.

2020: பிஎம் கிசானில் நடந்தது என்ன?

2019 பிப்ரவரியில் தொடங்கிய பிஎம் கிசான் திட்டத்தில், தகுதியுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், 2,000 வீதம் மூன்று தவணையாக நேரடியாக வங்கிக் கணக்குக்கு வரும். டெல்டாவில் இந்தத் தவணைக்காகப் பாஸ்புக்கோடு காத்திருந்தவர்கள் ஏராளம்.

2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் திடீரென்று பயனாளிகள் எண்ணிக்கை சில மாவட்டங்களில் எகிறியது சந்தேகத்தைக் கிளப்பியது. விசாரித்தபோது, மாவட்ட அதிகாரிகளுக்குக் கொடுக்கப்பட்ட லாகின் ஐடி, பாஸ்வேர்டைத் தவறாகப் பயன்படுத்தி, தகுதியே இல்லாதவர்கள் பெருமளவில் சேர்க்கப்பட்டது தெரியவந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் வெளியிட்ட தகவல்படி, சந்தேகத்துக்குரியதாக அடையாளம் காணப்பட்ட 5.95 லட்சம் கணக்குகளில் 5.38 லட்சம் பேர் தகுதியற்றவர்கள். போன பணம் 110 கோடி ரூபாய். அதில் அப்போதுவரை திரும்ப வசூலானது 61 கோடி. 13 மாவட்டங்களில் வழக்கு பதிவானது. சிபிசிஐடி விசாரணையில் ஒப்பந்த ஊழியர்கள் உட்பட 52 பேர் கைது செய்யப்பட்டனர். 96 ஒப்பந்த ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். 34 அதிகாரிகள் மீது துறைரீதியான நடவடிக்கை எடுக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒண்ணு. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எல்லாமே 'சரி'யாகத்தான் நடந்தது. லாகின் உண்மையானது, பாஸ்வேர்டும் உண்மையானது. ஆனா அந்த லாகினைப் பயன்படுத்திய கைக்கு, ஒரு விவசாயியைச் சேர்க்கவோ ஒப்புதல் கொடுக்கவோ உரிமை கிடையாது. பட்டியல் எழுத்தர் தன் பேனாவையும் பதிவேட்டையும் வேறு யாரிடமோ கொடுத்துவிட்டுப் போன மாதிரி.

2022: அதே திட்டம், வேற மாதிரி ஓட்டை

இரண்டு ஆண்டு கழித்து அதே பிஎம் கிசான் தளத்தில் இன்னொரு பிரச்சினை வெளியே வந்தது. இந்த முறை யாரும் பாஸ்வேர்டைக் கை மாற்றவில்லை.

அந்தத் தளத்தில் பயனாளிகள் விவரத்தைப் பகுதிவாரியாகக் காட்டும் டாஷ்போர்டு ஒன்று உண்டு. திரையில் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். ஆனா அந்தத் திரைக்குப் பின்னால் தகவலை எடுத்துத் தரும் வழியில் விவசாயிகளின் ஆதார் எண்ணும் சேர்ந்தே வந்துகொண்டிருந்தது. அதைக் கேட்பவர் யார், அவருக்கு ஆதார் எண்ணைத் தரலாமா என்ற சோதனை அங்கே இல்லை. சுமார் 11 கோடி விவசாயிகளின் ஆதார் எண்கள் வெளியே தெரியக்கூடிய நிலை.

இதைக் கண்டுபிடித்தவர் பாதுகாப்பு ஆய்வாளர் அதுல் நாயர். 2022 ஜனவரி கடைசியில், இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான 'செர்ட்-இன்'னிடம் அவர் தெரிவித்தார். மே மாதக் கடைசியில் ஓட்டை அடைக்கப்பட்டது. அதன் பிறகு ஜூனில்தான் விஷயம் செய்தியானது.

இந்த இரண்டு சம்பவமும் பிளக்-இன்னால் வந்தவை அல்ல. ஆனால் ஓட்டையின் குணம் ஒன்றுதான். 2020-ல் மனிதர்கள் அனுமதியைக் கைமாற்றினார்கள். 2022-ல் மென்பொருள் அனுமதியைக் கேட்கவே மறந்தது. பள்ளிக்கூடம், மண்டபம், அரிசிக் கடை வெப்சைட்களில் இந்த இரண்டாவது வகை மறதிதான் பிளக்-இன் உருவில் வந்து உட்காருது.

பிளக்-இன்னுன்னா என்ன?

உலகத்தில் இருக்கும் வெப்சைட்களில் 40 சதவீதத்துக்கும் மேல் 'வேர்ட்பிரஸ்' என்ற இலவச மென்பொருளில் ஓடுபவை. குறைந்த செலவில் ஒரு வெப்சைட் வேண்டும் என்று கும்பகோணத்திலோ திருவாரூரிலோ ஒருத்தரிடம் போய்க் கேட்டால், அவர் செய்து தருவது வேர்ட்பிரஸ் தளமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

வேர்ட்பிரஸ் ஒரு வெறும் டிராக்டர் மாதிரி. உழணும்னா கலப்பையை மாட்டணும், தொழி கலக்கணும்னா கேஜ் வீல் மாட்டணும். அதுபோல ஃபார்ம் வேணும்னா ஒரு பிளக்-இன், பணம் வாங்க ஒன்று, மெயில் அனுப்ப ஒன்று, வேகத்தைக் கூட்ட ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று. வேர்ட்பிரஸின் சொந்தக் கிடங்கிலேயே சுமார் 60,000 இலவச பிளக்-இன்கள் இருக்கு. ஒவ்வொன்றையும் எழுதியவர் வேற வேற ஆள். சிலது பெரிய கம்பெனி, சிலது தனி ஆள்.

வேர்ட்பிரஸ் பாதுகாப்பைக் கண்காணிக்கும் 'பேட்ச்ஸ்டாக்' நிறுவனம் 2024-ல் பதிவு செய்த புதிய குறைபாடுகள் 7,966. அதில் 96 சதவீதம் பிளக்-இன்களில். வேர்ட்பிரஸின் மையப் பகுதியில் இருந்தவை வெறும் 7. அதாவது டிராக்டர் ஓரளவு உறுதி. மாட்டுற கருவியில்தான் சிக்கல்.

இன்னொரு முக்கியமான விஷயம்: பொதுவாக வேர்ட்பிரஸில் ஒரு பிளக்-இன்னை நிறுவினால், தளத்தின் தகவல் முழுக்க அதன் கைக்கு எட்டும். 'நீ ஃபார்ம் பிளக்-இன், ஃபார்மை மட்டும் தொடு' என்று வேலி போட வழியில்லை. அதனால் ஒரு சின்ன பிளக்-இன்னின் தவறு முழுத் தளத்தையும் திறந்துவிடும்.

நாலு சம்பவம், நாலு விதமான மறதி

1. 'லாகின் ஆகியிருந்தா போதும்': போஸ்ட் எஸ்எம்டிபி, 2025

வெப்சைட்டிலிருந்து போகும் மெயில்களை ஒழுங்காக அனுப்ப உதவும் பிளக்-இன் இது. 4 லட்சத்துக்கும் அதிகமான தளங்களில் இருக்கிறது. அனுப்பிய மெயில்களின் நகலைச் சேமித்தும் வைக்கும். அந்த நகலைக் கேட்பவர் லாகின் ஆகியிருக்காரா என்று மட்டும் பார்த்தது, அட்மினா என்று பார்க்கவில்லை.

விளைவு? மிகக் குறைந்த உரிமை கொண்ட ஒரு சாதாரண உறுப்பினர்கூட எல்லா மெயிலையும் படிக்கலாம். அட்மினுக்குப் போகும் 'பாஸ்வேர்டை மாற்ற இங்கே கிளிக் செய்யவும்' மெயில் உட்பட! முதலில் அட்மின் பெயரில் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று கொடுப்பது, பிறகு அந்த மெயிலை உள்ளிருந்தே படிப்பது. தளம் கைமாறிடும். 2025 ஜூனில் 3.3.0 பதிப்பில் இது சரிசெய்யப்பட்டது.

கதை அதோடு முடியலை. அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் அதே பிளக்-இன்னில், அதே மெயில் நகல்களை, இந்தமுறை லாகினே இல்லாமல் படிக்கக்கூடிய இன்னொரு ஓட்டை சரிசெய்யப்பட்டது. அதற்கான பதிப்பு 3.6.1.

2. 'காலிப் பூட்டுக்குக் காலிச் சாவி': ஓட்டோகிட், 2025

முன்பு 'ஷ்யூர்ட்ரிகர்ஸ்' என்ற பெயரில் இருந்த பிளக்-இன். 1 லட்சத்துக்கும் அதிகமான தளங்களில் இருந்தது. வெளியிலிருந்து வரும் கட்டளையோடு ஒரு ரகசியச் சாவி வரணும், அது தளத்தில் இருக்கும் சாவியோடு பொருந்தணும் என்பது ஏற்பாடு. பிளக்-இன்னை நிறுவிவிட்டு, அமைப்புகளை முடிக்காமல் விட்ட தளங்களில் அந்தச் சாவி காலியாக இருந்தது.

தாக்குபவர் காலிச் சாவியை அனுப்பினார். காலியும் காலியும் ஒன்றுதானே? பொருந்திவிட்டது! கதவு திறந்தது, புது அட்மின் கணக்கு உருவானது. 2025 ஏப்ரல் 3-ல் 1.0.79 பதிப்பில் சரிசெய்தார்கள். ஏப்ரல் 10-ல் விவரம் வெளியானது. வெளியான 4 மணி நேரத்தில் தாக்குதல்கள் தொடங்கிவிட்டதாக பேட்ச்ஸ்டாக் பதிவு செய்தது.

3. 'இல்லைன்னு சொன்னாலும் கேட்கலை': ரியலி சிம்பிள் செக்யூரிட்டி, 2024

பெயரிலேயே பாதுகாப்பு! 40 லட்சத்துக்கும் அதிகமான தளங்களில் இருந்த பிளக்-இன். பாஸ்வேர்டோடு கூடுதலாக இன்னொரு சோதனை வைக்கும் இரட்டைச் சரிபார்ப்பு வசதியில்தான் ஓட்டை. வந்தவரின் அடையாளச் சீட்டு தவறு என்று ஒரு பகுதி சரியாகக் கண்டுபிடித்தது. ஆனால் அந்த 'தவறு' என்ற பதிலை அடுத்த பகுதி கண்டுகொள்ளாமல் உள்ளே விட்டுவிட்டது. அட்மின் கணக்கு உட்பட எந்தக் கணக்கிலும் பாஸ்வேர்டு இல்லாமல் நுழையலாம்.

கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று அந்த வசதியை ஆன் செய்து வைத்திருந்த தளங்கள்தான் மாட்டின. 10-க்கு 9.8 மதிப்பெண் வாங்கிய ஆபத்து இது. 2024 நவம்பரில் 9.1.2 பதிப்பு வந்தது. ஆபத்தின் அளவைப் பார்த்து, தள உரிமையாளர்களுக்காகக் காத்திராமல் வேர்ட்பிரஸ் தரப்பே கட்டாய அப்டேட்டை அனுப்பியது.

4. 'எண்ணிப் பார்த்தே திறக்கலாம்': லைட்ஸ்பீட் கேஷ், 2024

தளத்தின் வேகத்தைக் கூட்டும் இந்த பிளக்-இன் 50 லட்சத்துக்கும் அதிகமான தளங்களில் இருந்தது. ஒரு பயனரைப் போல நடித்துப் பக்கங்களைச் சோதிக்கும் வசதி இதில் உண்டு. அதற்கு ஒரு ரகசியக் குறியீடு. அந்தக் குறியீட்டுக்கு மொத்தமே 10 லட்சம் வாய்ப்புகள்தான்.

மனிதருக்கு 10 லட்சம் பெரிசு. கம்ப்யூட்டருக்கு இல்லை. நொடிக்கு மூன்று முயற்சி என்ற நிதான வேகத்தில்கூட சில மணி நேரத்திலிருந்து ஒரு வாரத்துக்குள் திறந்துவிடலாம் என்று கணக்கிடப்பட்டது. பிறகு அட்மின் மாதிரி நடித்து, புது அட்மினை உருவாக்கிக்கொள்ளலாம். 2024 ஆகஸ்டில் 6.4 பதிப்பில் சரியானது. இதைக் கண்டுபிடித்துச் சொன்ன ஆய்வாளருக்கு 14,400 டாலர் பரிசு கிடைத்தது.

இத்தனை பேர் பார்த்தும் ஏன் இந்தத் தவறு?

முதல் காரணம், பட்டனை மறைத்தால் போதும் என்ற நினைப்பு. 'எல்லா ஆர்டரையும் டவுன்லோடு செய்' என்ற பட்டன் அட்மின் திரையில் மட்டும்தான் இருக்கும். சரிதான். ஆனால் பட்டனை அழுத்தும்போது போகிற கோரிக்கையை, பட்டன் இல்லாமலே நேரடியாக அனுப்பலாம். வாங்குகிற இடத்தில் சோதனை இல்லையென்றால் பட்டனை மறைத்ததற்கு அர்த்தமே இல்லை. பிஎம் கிசான் டாஷ்போர்டில் நடந்ததும் இதுபோலத்தான். திரையில் தெரியலை, ஆனா பின்னால் வந்துட்டே இருந்தது.

இரண்டாவது, பெயரே குழப்பும் கட்டளைகள். வேர்ட்பிரஸில் 'இஸ் அட்மின்' என்று ஒரு கட்டளை உண்டு. கேட்டதும் என்ன தோணும்? வந்தவர் அட்மினான்னு பார்க்குது போல. உண்மையில் அது பார்ப்பது, இப்போது திறந்திருப்பது நிர்வாகப் பகுதியின் பக்கமா என்று மட்டும்தான். ஆளைப் பார்ப்பதே இல்லை. ஆளின் உரிமையைப் பார்க்க 'கரண்ட் யூசர் கேன்' என்ற வேறு கட்டளை இருக்கிறது. முதலாவதைப் போட்டுவிட்டுப் பாதுகாப்பு ஆச்சு என்று நினைத்த பிளக்-இன்கள் பல.

மூன்றாவது, சோதிக்கும் முறை. பிளக்-இன் எழுதுபவர் அட்மினாக லாகின் செய்து, 'வேலை செய்யுதா?' என்று பார்க்கிறார். வேலை செய்யுது. அட்மின் அல்லாதவராக வந்து, 'எனக்கு வேலை செய்யாமல் இருக்கா?' என்று பார்ப்பதில்லை. நடக்கக் கூடாதது நடக்காமல் இருக்கிறதா என்பதைச் சோதிக்க நேரமும் பொறுமையும் வேணும். இலவச பிளக்-இன் உலகத்தில் இரண்டும் குறைவு.

"நம்ம ஊரு வெப்சைட்டை யாரு சார் ஹேக் பண்ணப் போறா?"

நியாயமான கேள்விதான். பதில்: யாரும் உங்க ஊரைத் தேடி வரலை. புது ஓட்டை ஒன்று வெளியே தெரிந்ததும், தானியங்கி புரோகிராம்கள் இணையம் முழுக்க ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும். அது அமெரிக்க கம்பெனியா, நன்னிலத்துப் பள்ளியா என்பது அந்தப் புரோகிராமுக்குத் தெரியவே தெரியாது. அந்த பிளக்-இன் இருக்கா, பழைய பதிப்பா என்பது மட்டும்தான் கேள்வி. ஓட்டோகிட் விஷயத்தில் அந்தத் தட்டல் 4 மணி நேரத்தில் தொடங்கியதைப் பார்த்தோம்.

உள்ளே வந்து என்ன செய்வாங்க? முகப்புப் பக்கத்தை மாற்றுவது இப்போ குறைவு. பெரும்பாலும் உரிமையாளர் கண்ணில் படாமல் வேலை நடக்கும். செல்போனில் கூகுள் வழியாக வருபவரை மட்டும் சூதாட்டத் தளத்துக்குத் திருப்பிவிடுவது ஒரு வகை. 2024 மே மாதத்தில் பிஹார், கோவா, கர்நாடகா, கேரளா என்று பல மாநில அரசுத் தளங்களிலேயே சூதாட்ட லிங்க்குகள் ஒளிந்திருந்தது தெரியவந்தது. வங்கியின் பக்கம் மாதிரியே போலிப் பக்கத்தை உங்க முகவரியில் வைப்பது இன்னொரு வகை.

நம்ம ஊருக்கு அதிக வலி தருவது மூன்றாவது வகை: தகவல் போவது. ஒரு பள்ளியின் அட்மிஷன் ஃபார்மில் என்னென்ன இருக்கும்? குழந்தையின் பெயர், பிறந்த தேதி, அப்பா அம்மா செல்போன் நம்பர், வீட்டு முகவரி, சில இடங்களில் ஆதார் நகல், சாதிச் சான்றிதழ். "உங்க பையன் ஸ்கூல்ல இருந்து பேசறோம், ஸ்காலர்ஷிப் பணம் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க" என்று ஒரு அழைப்பு வந்து, பையனின் பெயரும் வகுப்பும் சரியாக இருந்தால் எத்தனை பேர் சந்தேகப்படுவோம்?

அப்போ யார் பொறுப்பு?

பிளக்-இன் எழுதியவர் தவறு செய்தார், உண்மை. ஆனால் மேலே சொன்ன நாலு சம்பவத்திலும் அவர்கள் திருத்திய பதிப்பை வெளியிட்டுவிட்டார்கள். அதன் பிறகும் பழைய பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும் தளங்களுக்கு யார் பதில் சொல்வது?

சின்ன ஊர்களில் வெப்சைட் என்பது ஒருமுறை காசு கொடுத்து முடிக்கிற வேலையாகத்தான் பார்க்கப்படுகிறது. செய்து கொடுத்த தம்பி வேலைக்குச் சென்னையோ பெங்களூரோ போயிடறார். ஆண்டுக்கொருமுறை டொமைன், ஹோஸ்டிங் பணம் மட்டும் போகும். அட்மின் பாஸ்வேர்டு அந்தத் தம்பியிடம், முன்னாள் அலுவலக உதவியாளரிடம், பக்கத்து ஜெராக்ஸ் கடையில் என்று எங்கெங்கோ இருக்கும். அப்டேட்? யாருமே பார்ப்பதில்லை. மென்பொருள் ஓட்டையும், 2020-ல் பார்த்த மனித ஓட்டையும் இங்கே ஒன்றாகச் சேருது.

சட்டம் என்ன சொல்லுது? 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மற்றவர்களின் தகவலைச் சேகரித்து வைத்திருப்பவர் அதற்கு நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்ய வேண்டும். தவறினால் அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய் வரை. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். வெப்சைட் செய்து கொடுத்தவர் யாராக இருந்தாலும், தகவலைக் கேட்டு வாங்கியது பள்ளியோ கடையோ என்றால், பதில் சொல்ல வேண்டியது அவங்கதான்.

ஊரில் நர்சிங் ஹோம் நடத்துபவருக்கு 250 கோடி அபராதம் விழுமா என்பதைவிட, நாளைக்கு ஒரு நோயாளியின் குடும்பம் வாசலில் வந்து 'எங்க நம்பர் எப்படி வெளியே போச்சு?' என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் வேணும் என்பதுதான் முதல் கவலை.

வெப்சைட் வச்சிருக்கீங்களா? இன்னைக்கே செய்ய வேண்டியவை

1. பிளக்-இன் பட்டியலைத் திறந்து பாருங்க. பயன்படுத்தாததை ஆஃப் செய்வதோடு நிறுத்தாமல் டெலீட் பண்ணுங்க. ஆஃப் செய்தாலும் அதன் கோப்புகள் சர்வரில் அப்படியே இருக்கும்.

2. தானியங்கி அப்டேட்டை ஆன் பண்ணுங்க. ஒவ்வொரு பிளக்-இன் பக்கத்திலும் அந்த வசதி இருக்கு. அப்டேட்டால் தளத்தின் தோற்றம் கெட்டுப்போகும்னு பயந்தா, தினசரி பேக்கப் ஏற்பாடு செய்யுங்க. பேக்கப் அதே சர்வரில் இல்லாமல் வேறு இடத்தில் இருக்கணும்.

3. பயனர் பட்டியலில் அட்மின் எத்தனை பேர்னு எண்ணுங்க. தெரியாத பெயர் ஒன்று இருந்தாலும் எச்சரிக்கை. வேலையை விட்டுப் போனவர் கணக்கை அன்றைக்கே நீக்குங்க.

4. 'யார் வேண்டுமானாலும் உறுப்பினராகச் சேரலாம்' என்ற அமைப்பு தேவையில்லைன்னா ஆஃப் பண்ணுங்க. போஸ்ட் எஸ்எம்டிபியின் முதல் ஓட்டை மாதிரியான தாக்குதலுக்கு ஒரு சாதாரண உறுப்பினர் கணக்கே போதும்.

5. ஒரே அட்மின் பாஸ்வேர்டை நாலு பேர் பகிர வேண்டாம். ஆளுக்கொரு கணக்கு, வேலைக்கேற்ற உரிமை. ஆர்டர் பார்க்கிறவருக்கு அட்மின் உரிமை எதுக்கு?

6. காசு கட்ட வேண்டிய பிளக்-இன்னைத் திருட்டுத்தனமாக இலவசமாகத் தரும் தளங்களிலிருந்து எடுக்காதீங்க. அதிலேயே பின்கதவு வைத்துக் கொடுப்பது வழக்கம்.

7. அட்மிஷன் முடிந்ததும் பழைய விண்ணப்பங்களை வெப்சைட்டிலிருந்து எடுத்து, தனியாகப் பத்திரப்படுத்துங்க. அங்கே இல்லாத தகவல் அங்கிருந்து திருடு போகாது.

8. உங்க தளத்தின் பெயரோடு 'கேசினோ', 'ரம்மி' போன்ற சொற்களை ஆங்கிலத்தில் சேர்த்து கூகுளில் தேடிப் பாருங்க. உங்க தளத்திலேயே நீங்க போடாத பக்கங்கள் வந்தால், யாரோ உள்ளே இருக்காங்க.

அப்படி யாரோ உள்ளே வந்தது தெரிந்தால், அப்டேட் மட்டும் போதாது. கரை உடைந்த இடத்தை அடைச்சாச்சு, ஆனா வயலுக்குள்ள வந்த தண்ணி வடியலையே! தெரியாத அட்மின் கணக்குகளை நீக்கி, எல்லா பாஸ்வேர்டையும் மாற்றி, எல்லாரையும் லாகவுட் செய்து, பழைய சுத்தமான பேக்கப்பிலிருந்து தளத்தை மீட்கணும். நிறுவனங்கள் இதுபோன்ற சம்பவத்தை, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு.

ஃபார்ம் நிரப்புபவரா? உங்களுக்கு

* கேட்கிற எல்லாத்தையும் கொடுக்க வேண்டியதில்லை. மண்டபம் புக் பண்ண ஆதார் நகல் ஏன்னு கேளுங்க.

* ஆதார் கொடுத்தே ஆகணும்னா, முதல் 8 எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்க. ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே டவுன்லோடு செய்யலாம்.

* ஒரே பாஸ்வேர்டை அரிசிக் கடைக்கும் மெயிலுக்கும் வைக்காதீங்க. கடைத் தளம் போனால் மெயிலும் சேர்ந்து போகும்.

* அழைப்பவர் உங்க விவரத்தைச் சரியாகச் சொல்வதால் அவர் உண்மையானவர் ஆகிவிட மாட்டார். போனை வச்சுட்டு, உங்களிடம் இருக்கும் நம்பரில் பள்ளிக்கோ வங்கிக்கோ நீங்களே பேசுங்க.

* பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்கணும். சீக்கிரம் அழைத்தால்தான் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியா ஒண்ணு

பிஎம் கிசான் மோசடியில் 110 கோடி போனது பெரிய செய்தியானது. தகுதியில்லாத கணக்குகளிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். ஆனால் வெளியே போன செல்போன் நம்பரையும் ஆதார் எண்ணையும் பிறந்த தேதியையும் அப்படித் திரும்ப எடுக்க முடியாது. பாஸ்வேர்டு என்றால் மாற்றலாம், ஒரு குழந்தையின் பிறந்த தேதியை எப்படி மாற்றுவது?

அதனால் வெப்சைட் செய்து கொடுத்தவரிடம் இனி 'பாஸ்வேர்டு ஸ்ட்ராங்கா இருக்கா?' என்பதோடு நிறுத்தாமல், இன்னும் இரண்டு கேள்வி சேர்த்துக் கேளுங்க: "நம்ம தளத்தில் யார் யாருக்கு என்னென்ன செய்ய அனுமதி இருக்கு? பிளக்-இன் அப்டேட்டை மாசாமாசம் யார் பார்க்கிறாங்க?" இரண்டாவது கேள்விக்கு ஒரு ஆளின் பெயர் பதிலாக வரலைன்னா, இந்த வாரமே அந்த வேலைக்கு ஒருத்தரைப் பேசி வச்சிடுங்க.